நாற்பது உளிப்பிடி மறுபடி மரமான கதை

சொரிமுத்து ஆசாரி என் கடைசல் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, அவருக்குக் கொடுக்க வேண்டிய நாற்பது உளிப்பிடிகளில் ஒன்றைக்கூட நான் கடைந்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் நீங்கள் எதை நம்பினாலும் அது உங்கள் பாடு.

கடையாததற்குச் சோம்பல் காரணமில்லை, பயம்தான். கருவேலங்கட்டைகள் வந்திறங்கிப் பத்து நாளாகியும் எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை வரவில்லை. வெளியே மழை வேறு விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரக்கட்டையில் பிடி கடைந்து, அது பிளக்காமலிருக்க முனையில் இரும்புப் பூண் மாட்டினால், இன்றைக்கு இறுக்கமாக நிற்கும். மரம் காய்ந்த பிறகு அந்தப் பூண் கிழவி கையில் வளையல் மாதிரி ஆடும். அதனால் தினமும் காலையில் ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஜில்லென்று இருந்தால் ஈரம் என்று அர்த்தம். பத்து நாளும் ஜில்லென்றுதான் இருந்தது. கட்டையில் ஈரமா, என் கன்னத்தில் காய்ச்சலா என்று சந்தேகம் வந்து, மாத்திரை கூட வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஆசாரி உலையில் காய்ச்சிக் கையால் அடித்து உளி செய்கிறவர். தேர்ச் சிற்பம் செதுக்க வந்திருந்த ஒரு கூட்டம் அவரிடம் நாற்பது உளி கேட்டிருந்தது. முன்பெல்லாம் பிடிகளை அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பட்டறையில்தான் வாங்குவார். நான் மூன்று வருஷமாக அவர் வீட்டுக் காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு ஒன்று விடாமல் போய் வந்து, அவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லி, இந்த வேலையைப் பிடித்திருந்தேன். இது கைநழுவி மறுபடி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டால் என் கடைசல் மிஷினில் ஈரத்துணி காயப்போட வேண்டியதுதான்.

போதாததற்கு, அந்த நேரம் பார்த்து மாடத்தியும் உள்ளே இருந்தாள். பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறவள். நான் கடைகிறபோது விழுகிற மரச்சுருளைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த்தான் அவள் அடுப்பு எரிப்பாள். அன்றைக்கும் கூடையோடு வந்து, சுத்தமாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆசாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் மணியைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். "யக்கா, அந்த உளி விஷயமா…" என்று இழுத்தார்.

கோபம் வந்தால் சில ஆம்பளைகள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். என்ன சொல்வது என்று யோசிக்கத்தான் வாயைத் திறந்தேன். மீதியை அது பார்த்துக்கொண்டது.

"பிடியெல்லாம் போன வாரமே முடிஞ்சிட்டு ஆசாரி."

மாடத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இனி அவள் இட்லி அவிக்கக்கூடப் போகமாட்டாள் என்று தெரிந்தது.

முடிந்ததுதான் வினையாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். உங்கள் உளிக்கு ஏற்ற பிடியாக இருக்க வேண்டுமே என்று, அரக்கு வைத்து, தாழை மடலால் தேய்த்து, மறுபடி அரக்கு வைத்து, மறுபடி தேய்த்தேன். தேய்த்ததில் அப்படியொரு வழவழப்பு வந்துவிட்டது. ஒரு ஈ வந்து உட்காரப் பார்த்தது. வழுக்கி விழுந்து கால் சுளுக்கி, நொண்டிக்கொண்டே போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பிடியைப் பெஞ்சில் வைத்தால் நிற்கவில்லை. பெஞ்சு மட்டமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால் போதும், பிடி ஓட ஆரம்பித்துவிடும். நானோ நாள் முழுக்கப் பெருமூச்சு விடுகிறவள்.

ஆசாரி ஏதோ சொல்ல வந்தார். கயிற்றால் கட்டி வைத்திருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள், கட்டினேன், கயிறு வழுக்கிவிட்டது என்றேன். பன்னிரண்டு பிடி பெஞ்சிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து படித்துறைக்கு ஓடி ஆற்றில் இறங்கிவிட்டன. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துரத்தினேன். தண்ணீர்கூட அவற்றில் ஒட்டவில்லை. நனையாமல் மிதந்தே போய்விட்டன. இந்நேரம் புன்னைக்காயல் தாண்டிக் கடலில் இருக்கும்.

"பாவம், ஈக்கு வைத்தியம் பார்த்தாச்சா?" என்று மாடத்தி கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

சரி, வழுக்கல் ஆகாது என்று அடுத்த பன்னிரண்டைக் கைக்கு அடங்குகிற மாதிரி, நடுவில் லேசாக வயிறு வைத்துக் கடைந்தேன். அதில் வேறொரு தொல்லை. பிடித்தவன் விட முடியவில்லை. கீல் மாட்ட வந்த எங்கள் மாமா மகன் ஈனமுத்துவிடம், அவன் உளியில் ஒரு பிடியை மாட்டி, பிடித்துப் பார் என்று கொடுத்தேன். அவன் கை அதோடு ஒட்டிக்கொண்டது. பசை எதுவும் இல்லை. அவ்வளவு சுகமாக இருந்ததாம். சும்மா இருக்கவும் முடியவில்லை. என் வீட்டுக் கதவில் ஒரு யாளியைச் செதுக்கினான். அடுத்த வீட்டுக் கதவில் இரண்டு. சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் யாளி இல்லாத கதவே கிடையாது.

"எங்க வீட்டுக் கதவுல ஒண்ணையும் காணோமே மதினி."

"உன் கதவு தகரம்."

ஆசாரி மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஈனமுத்து சாப்பிடும்போதும் செதுக்கினான், பொண்டாட்டிதான் ஊட்டிவிட்டாள், தூக்கத்தில் கட்டிலைச் செதுக்கித் தரையில் விழுந்தான் என்றேன். தெருவில் மரம் தீர்ந்துபோனதால் மலையில் மரம் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டான். அவள் தூக்குவாளியோடு பின்னாலேயே போகிறாள். நேற்று செங்கோட்டை தாண்டிவிட்டதாகத் தகவல். இந்தப் பிடியை உங்கள் தேர்க்காரர்களிடம் எப்படிக் கொடுப்பது? செதுக்கிச் செதுக்கி முழுத் தேரையும் பல் குத்துகிற குச்சியாக்கிவிடுவார்களே. அந்தப் பாவம் நமக்கு வேண்டுமா?

"யக்கா, நான் வந்தது எதுக்குன்னா…" என்றார் ஆசாரி.

எதற்கு என்று எனக்குத் தெரியாதா? அவரைப் பேசவிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறேன் என்றுதான் சொல்வார். பொறுங்கள், மிச்சம் பதினாறு இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே என்று மடக்கினேன்.

அப்போதுதான் மாடத்தி அதைக் கேட்டாள். நான் வாயைத் திறந்ததிலிருந்து எது வந்துவிடக் கூடாது என்று பயந்தேனோ, அதை. "பத்து நாளா இந்தத் தரையில ஒரு சுருள் விழல. நான் தென்னமட்டைய எரிச்சு, கண்ணு எரிஞ்சு, இட்லி அவிச்சுக்கிட்டு இருக்கேன். நாப்பது பிடி கடைஞ்ச சுருள் எங்க போச்சு மதினி?"

ஆசாரி முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார். பிறகு மிஷினைப் பார்த்தார். பெல்ட்டில் ஒரு சிலந்தி நிதானமாக வலை கட்டிக்கொண்டிருந்தது. என் வாய் அசரவில்லை.

துண்டு துண்டாக விழுந்தால்தானே தரையில் கிடக்கும் என்றேன். நான் தீட்டிய கூர்மைக்கு நாற்பது பிடிக்கும் சேர்த்து ஒரே சுருள்தான். அறுபடவே இல்லை. முனை ஜன்னல் வழியாக வெளியே போய்த் தென்காசி பஸ் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. பஸ் தென்காசிக்குப் போய்த் திரும்பி வந்தது, இங்கே சுருள் இன்னும் வந்துகொண்டே இருந்தது. கண்டக்டர் அதற்கு ஒரு டிக்கெட் கிழித்தார், முழு டிக்கெட். பஸ் நின்ற இடத்தில் ஒரு ஆடு அந்த முனையைத் தின்ன ஆரம்பித்தது. இங்கே நம் தெரு ஆடு ஒன்று இந்த முனையிலிருந்து. இரண்டும் தின்றுகொண்டே நடந்து போய் ஆலங்குளத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. சுருள் தீர்ந்துவிட்டது. மாடத்தி, உனக்கு எங்கிருந்து கிடைக்கும்?

மாடத்தி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள். ஆட்டை மறுக்க முடியவில்லை போல. பிறகு கையை நீட்டினாள். "ஒண்ணே ஒண்ணு காட்டு மதினி. ஒரே ஒரு பிடி. நான் கும்பிட்டுட்டுப் போயிருதேன்."

அவள் அப்படி மடக்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆசாரியும் காத்திருந்தார். மூலையில் நாற்பது கருவேலங்கட்டைகளும் பட்டைகூட உரிக்காமல், அடுக்கியது அடுக்கியபடி கிடந்தன. மறைக்க ஒரு சாக்குகூட மேலே போட்டிருக்கவில்லை. அந்தக் கட்டைகளைப் பார்த்தேன். சிலந்தி உட்கார்ந்திருந்த பெல்ட்டைப் பார்த்தேன். வழி தெரிந்தது.

என்னுடையது பழைய மிஷின். மோட்டார் கீழே, கடைசல் மேலே, நடுவில் ஒரு பெல்ட். பெல்ட்டை நேராக மாட்டினால் கட்டை என் பக்கம் சுற்றும். நடுவில் ஒரு திருகு திருகி மாட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றும். இது ஆசாரிக்கும் தெரியும், அதனால் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் போதும் எனக்கு. இன்றைக்கு விடிகாலையில் பெல்ட் கழன்றுவிட்டது ஆசாரி, வீட்டில் கேஸை அணைத்தேனா இல்லையா என்ற கவலையிலேயே அதைத் திருகி மாட்டிவிட்டேன் என்றேன். கடைசியாக ஒரு தேய்ப்புத் தேய்க்கலாம் என்று மிச்சமிருந்த பதினாறில் ஒரு பிடியை மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

எதிர்ப்பக்கம் சுற்றினால் என்ன ஆகும்? கடைந்ததெல்லாம் திரும்பும். முதலில் அரக்கு போனது. அப்புறம் ஜன்னல் வழியாகச் சுருள் வந்தது. ஆலங்குளத்திலிருந்து, ஆட்டு வயிற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்து பிடியில் சுற்ற ஆரம்பித்தது. ஒரு ஆடு விடாமல் கடித்துக்கொண்டே வந்து, இதோ இந்த ஜன்னலில் தலையை விட்டது. பிடி தடித்தது. பட்டை ஏறியது. முள் முளைத்தது. ஒரு இலைகூடத் துளிர்த்தது. பயந்துபோய் சுவிட்சை அணைத்தேன். சுவிட்சும் எதிர்ப்பக்கம் ஆகிவிட்டிருந்தது, அணைக்க அணைக்க வேகம் கூடியது. அலமாரியில் இருந்த பிடிகள் தாமாகவே எழுந்து ஒவ்வொன்றாக மிஷினில் போய் உட்கார்ந்தன. ஈனமுத்து கையில் இருந்ததும் பிய்த்துக்கொண்டு வந்தது, அவன் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறானாம். கடலுக்குப் போன பன்னிரண்டும் வந்தன. அப்போதும் நனைந்திருக்கவில்லை.

"அந்தா மூலையில கிடக்கே, அதுதான் ஆசாரி உங்க நாப்பது பிடியும். வேணும்னா தொட்டுப் பாருங்க. ஓடி வந்த அலுப்புல இன்னும் ஜில்லுன்னு வேர்த்துக் கிடக்கு."

மாடத்தி எழுந்து கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். வயிற்றிலிருக்கிற காலைச் சாப்பாடு திரும்ப வந்து இலையில் உட்கார்வதற்குள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். ஆனால் போகவில்லை, ஆசாரி என்ன சொல்கிறார் என்று பார்க்க அங்கேயே நின்றாள்.

ஆசாரி மூலைக்குப் போனார். ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்த அடுக்கின்மேலேயே உட்கார்ந்தார்.

"ஈரம் இருக்குக்கா," என்றார். "நல்லதாப் போச்சு. நான் சொல்ல வந்ததே வேற. மழையில உலைக்கூரை ஒழுகி கரி பூரா நனைஞ்சு போச்சு. நான் ஒரு உளிகூட இன்னும் அடிக்கல. தேர்க்காரங்க இன்னும் பத்து நாள் பொறுக்கோம்னுட்டாங்க. நீங்க பிடியெல்லாம் முடிச்சு வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருப்பீகளே, என்ன முகத்தோட சொல்லன்னு, நாலு நாளாத் தெருமுனை வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

பத்து நாள். கட்டை காய்ந்துவிடும். வேலையும் ஆற்றைத் தாண்டவில்லை. மனதுக்குள் எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சரி ஆசாரி, பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் மரியாதையாக முடிந்திருக்கும். ஆனால் இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசியவள் நான். ஒரு நியாயம் வேண்டாமா?

"நாலு பிள்ளை பெத்த மனுஷன், வாய் கூசாம கரி நனைஞ்சு போச்சுன்னு சொல்லுதீகளே ஆசாரி," என்றேன். "நம்புற மாதிரி ஒண்ணு சொல்லக்கூடாதா?"