ஏகாம்பரத்தின் வாய்க்குப் போட்ட காவல்

திருச்சியில் வைகறை அப்பார்ட்மெண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் கேட்டில் மூன்று வாட்ச்மேன்கள். மூன்று பேரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் குடியிருப்பவர்கள் சும்மா விட்டிருப்பார்களா?

ஏகாம்பரம்தான் ஹெட். மீசை பிரமாதம். ஆனால் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. விசில் ஊதினால் காற்று சந்து வழியாகப் போய் ‘புஸ்’ என்று முடிந்துவிடும். போன வருஷமே கம்பெனியிலிருந்து கடுதாசி வந்துவிட்டது: அடுத்த தீபாவளிக்குள் விசில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொப்பி என்றால் ஏகாம்பரத்துக்கு உயிர். மனைவி தமயந்தி தெருவெல்லாம் ‘எங்க ஹெட்டு’ என்றுதான் அவரைச் சொல்வாள். தொப்பி போனால் அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று நினைத்தாலே அவருக்குப் பகீரென்றது.

அதனால் பல்லுக்குக் க்ளிப் போட்டுக்கொண்டார். சந்தும் அநேகமாக மூடிவிட்டது. அப்போதுதான் பல் டாக்டர் ஷகிலா பானு வாயைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

“என்னங்க இது? கம்பி இடுக்கு பூரா கிருமி குடித்தனம் பண்ணுது. ஈறெல்லாம் வீங்கிக் கிடக்கு. பத்து நாள்ல சரியாகலைன்னா க்ளிப்பைக் கழட்டிடுவேன்.”

ஏகாம்பரம் தொப்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “என்ன செய்யணும் மேடம்?”

“உள்ள போற சாப்பாடு எதுவும் தங்கக் கூடாது. எல்லாம் வெளிய வந்தாச்சான்னு பாருங்க. இந்தக் குட்டி பிரஷ் காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு இடுக்கா போய்ட்டு வரணும். இந்த மருந்துத் தண்ணியால கொப்பளிச்சுத் துப்பணும். அவ்வளவுதான். கவனமாப் பாத்துக்கோங்க.”

துணைக்கு வந்திருந்த மற்ற இரண்டு வாட்ச்மேன்கள் மாசிலாமணியும் சவரிமுத்துவும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். பார்த்துக்கொள்வது அவர்கள் தொழில்.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். சவரிமுத்து புது நோட்டைப் பிரித்தார்.

“பேரு?”

“இட்லி.”

“எத்தனை பேர்?”

“நாலு.”

“யாரைப் பாக்கணும்?”

ஏகாம்பரம் யோசித்தார். “வயித்தை.”

‘உள்ளே: எட்டு பத்து’ என்று எழுதிவிட்டு, அனுமதி கொடுத்தார் சவரிமுத்து. இட்லிகள் போயின. ஒன்பது மணியாயிற்று. பத்து மணியாயிற்று. ‘வெளியே’ என்ற கட்டம் காலியாகவே இருந்தது.

“நாலு பேர் உள்ள போயிருக்காங்க. ஒருத்தர்கூட வெளிய வரல,” என்றார் சவரிமுத்து கவலையோடு.

“பின் கேட் வழியாப் போயிருப்பாங்களோ?” என்றார் மாசிலாமணி.

“பின் கேட் நம்ம பொறுப்பு இல்ல. அது வேற டிபார்ட்மெண்ட்.”

“அப்ப கிருமிங்களோட உக்காந்து பேசிட்டிருக்காங்க. கிருமிங்களை முதல்ல காலி பண்ணச் சொல்லுவோமா?”

“அது எப்படிச் சொல்ல முடியும்? குடித்தனம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. குடித்தனக்காரங்க மேல நாம கை வைக்க முடியாது. விருந்தாளியை வேணா கேட்டிலேயே நிறுத்தலாம்.”

நிறுத்தினார்கள். போனவர்கள் திரும்பும்வரை வேறு யாரும் உள்ளே போகக் கூடாது என்று முடிவாயிற்று. மத்தியானம் சாம்பார் சாதம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுநாள் புரோட்டாவுக்கும் அதே கதிதான். கஞ்சியையும் மோரையும் மட்டும் விட்டார்கள், தண்ணி லாரியை யாரும் தடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால். குட்டி பிரஷ்ஷைத் துப்புரவுப் பணியாளர் என்று பதிந்து, காலை ஒன்பது, மாலை ஐந்து என நேரம் தவறாமல் இடுக்கு இடுக்காக வேலை வாங்கினார்கள். மருந்துத் தண்ணி மட்டும் போன வழியே ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதன்மேல் சவரிமுத்துவுக்குத் தனி மரியாதை.

பத்தாம் நாள் டாக்டர் அசந்துபோனார். “வீக்கமே இல்லையே! கம்பி பளபளன்னு இருக்கு. எப்படிங்க?”

“யாரையும் உள்ள விடல மேடம்,” என்றார் ஏகாம்பரம். பசியில் குரல் கீச்சென்று வந்தது.

க்ளிப் தப்பியது. மறுநாளே கம்பெனி சூப்பர்வைசர் தண்டபாணி விசில் கேட்க வந்துவிட்டார். ஏகாம்பரம் விசிலை எடுத்தார்.

“ஒரு நிமிஷம்,” என்று நோட்டோடு ஓடிவந்தார் சவரிமுத்து. “விசில். ஒருத்தர். உள்ளே, பத்து அஞ்சு. போகலாம்.”

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். அடேயப்பா! மொட்டை மாடிப் புறாக்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்றாம் மாடியில் ஓர் அம்மா குக்கர் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டார்.

“தொப்பி உமக்குத்தான்யா!” என்று முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பினார் தண்டபாணி. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சவரிமுத்து மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “விசில் உள்ள போச்சு, வெளிய வந்துடுச்சு. சரி. ஆனா சத்தம்னு ஒருத்தர் வெளிய போயிருக்காரே, அவர் உள்ள வந்த பதிவே இல்லையே?”

“அப்ப அவர் உள்ளயே குடியிருக்கிறவர்,” என்றார் மாசிலாமணி.

“குடியிருக்கிறவர்னா திரும்பி வருவாரே. கேட் மூடியிருந்தா என்ன நினைப்பாரு?”

ஏகாம்பரம் கடமை தவறாதவர். வாயை ஆவென்று திறந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் மத்தியானம் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை.

ஆறு மணிக்குத் தமயந்தி ஆசையாகக் கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். தொப்பியோடு, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். அவ்வளவுதான், கேட்டே அதிரும்படி கத்தினாள்:

“யோவ் ஹெட்டு! வாயை மூடுய்யா!”

“வந்துட்டாரு! வந்துட்டாரு!” என்று துள்ளினார் சவரிமுத்து. “உள்ளே, ஆறு அஞ்சு!”

மாசிலாமணி சந்தேகமாகத் தலையைச் சொறிந்தார். “காலைல போனப்ப ஒல்லியா இருந்தாரு. இப்ப என்ன இவ்வளவு பெருசா இருக்காரு?”

ஏகாம்பரம் வாயை மூடி, ஏக்கத்தோடு கோழிக் குழம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இருக்க மாட்டாரா பின்னே? வெளிய போனவரு நல்லாச் சாப்பிட்டுட்டு வந்திருக்காரு.”