குண்டுக்கரிச்சான் பிடித்து வைத்த மூச்சு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சட்டமும் வந்து சேர்ந்தது.

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு பெரிய இலுப்பை மரம். கிளைக்குக் கிளை கூடு, பொந்துக்குப் பொந்து குடும்பம். விடிந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்துப் பொந்துக்காரி கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. இந்தக் கூச்சலைப் பொறுக்க முடியாமல்தான் குக்குறுவானைத் தாளக்காரனாக வைத்தார்கள். அவன் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிற பச்சைப் பறவை. ஆனால் உச்சிக் கிளையில் உட்கார்ந்து ‘குக், குக், குக்’ என்று தட்ட ஆரம்பித்தால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

அவன் போட்ட சட்டம் இதுதான். இரை கொண்டுவரும் தாய் நான்கு குரல் கொடுக்க வேண்டும். நான்கும் அவனுடைய நான்கு தட்டின் மேல் சரியாக விழ வேண்டும். நான்காவது குரல் கேட்டதும் குஞ்சு தலையை நீட்டும், தாய் ஊட்டுவாள். தாளம் தவறினால் பொந்தைக் காலி செய்துவிட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூச்சல் அடங்கியது, எல்லாரும் குக்குறுவானைப் புகழ்ந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக மகிழ்ந்தவன் செம்போத்து.

செம்போத்து காக்கை அளவுப் பறவை. கறுத்த உடம்பு, செம்பு நிற இறக்கை, சிவந்த கண். பிறர் குஞ்சு என்றால் அவனுக்கு உயிர், அதாவது தின்பதற்கு. அப்போதெல்லாம் எந்தப் பறவையின் குரலும் அவனுக்கு வரும். ஆனால் ஒவ்வொரு தாயும் தன் போக்கில் இழுத்தும் நிறுத்தியும் கூப்பிட்ட வரையில், அந்தப் போக்கு மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. இப்போது எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஆகிவிட்டது. குரலை எடுத்துத் தட்டின் மேல் வைத்தால் அவன் வேலை முடிந்தது.

அந்த மரத்துப் பொந்து ஒன்றில் குண்டுக்கரிச்சான் மூன்று குஞ்சுகளோடு இருந்தாள். சாம்பலும் வெள்ளையுமான சின்னப் பறவை. ஒரு நாள் வெட்டுக்கிளியோடு திரும்பி வந்து நான்கு குரல் கொடுத்தாள். இரண்டு தலைகள்தான் எட்டிப் பார்த்தன. பொந்தின் வாயில் இளம் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

“மூத்தவன் எங்கே?”

“நீதானேம்மா கூப்பிட்டே? அவன்தான் முதல்ல தலையை நீட்டினான்” என்றது கடைக்குட்டி.

அன்று முழுவதும் அவள் அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்குள் கோபம் மட்டுமே மிச்சம் இருந்தது. குஞ்சுகளை நெஞ்சுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

“இனிமே மூணு குரல் தாளத்துல வரும். நாலாவது வராது. நான் ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகுதான் வரும். அதுக்கு முன்னாடி என் குரல்லயே கூப்பிட்டாலும் வெளியே வரக் கூடாது.”

“எவ்வளவு நேரம்மா?”

“அது மாறும். தூரம் போய் வந்தா மூச்சு நீளும். முதல் மூணு குரலைக் கேட்டாலே நான் எவ்வளவு களைச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? என் நெஞ்சுக்கடியிலேயே கிடக்கிற பிள்ளைங்க நீங்க.”

மறுநாள் காலை அப்படியே கூப்பிட்டாள். நான்காவது தட்டு வெறுமனே போனது. குரல் பிறகு வந்தது. குக்குறுவான் உடனே அவளை உச்சிக் கிளைக்கு வரச்சொன்னான். மரமே கூடிவிட்டது.

“தாளம் தவறிட்டே.”

“தவறல. தெரிஞ்சுதான் நின்னேன்.”

பக்கத்துக் கிளைத் தவிட்டுக்குருவி பதறிப்போய், “அக்கா, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடேன். பொந்து போயிட்டா ரெண்டு பிள்ளைங்களும் எங்கே போகும்? இன்னும் பறக்கக்கூட வரலையே” என்றாள்.

“நான் எதுக்குக் கேட்கணும்? என் மூத்த பிள்ளையை வெளியே கூப்பிட்டது இந்தத் தாளம். இது வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்கட்டும்!”

குக்குறுவானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “எல்லார் முன்னாலயும் இப்பவே பாடு. நாலும் சரியா விழுந்தா பொந்து உனக்கு. இல்லைன்னா இந்த நிமிஷமே கீழே இறங்கு” என்று சொல்லிவிட்டுத் தட்ட ஆரம்பித்தான்.

இதற்குள் செம்போத்து, எல்லாரும் மேலே கூடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அவளுடைய பொந்துக்குப் பக்கத்துக் கொடிக்குள் வந்து பதுங்கியிருந்தான். அவள் நான்காவது குரலைக் கொடுத்தால் போதும், தலை வெளியே வரும், கவ்விக்கொள்ளலாம்.

அவள் பாடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் தட்டின் மேல் சுத்தமாக விழுந்தன. நான்காவது தட்டு வந்தது. அவள் அலகை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

அந்தத் தட்டின் மேல் ஒரு குரல் விழுந்தது. அவளுடைய குரலேதான். ஆனால் அது கீழே கொடிக்குள்ளிருந்து வந்தது! நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்த செம்போத்தால் பொறுக்க முடியவில்லை; வராத குரலைத் தானே கொடுத்துவிட்டான்.

மரம் முழுவதும் கீழே திரும்பியது. பொந்திலிருந்து ஒரு தலையும் வெளியே வரவில்லை. மைனாக்களும் காக்கைகளும் பாய்ந்து அவனைப் புதர்வரை கொத்தித் துரத்தின. குக்குறுவான் அலகைத் திறந்தபடி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு தட்டைத் தவறவிட்டான்.

அப்போதுதான் அவளுடைய மூச்சு இறங்கியது. நான்காவது குரலைக் கொடுத்தாள். இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

குக்குறுவான் சுதாரித்துக்கொண்டான். “இருந்தாலும் சட்டம் சட்டம்தான். பொந்தைக் காலி பண்ணு.”

அவள் வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினாள்.

“நீ தட்டு, வேணாங்கல. உன் தட்டு இல்லைன்னா எங்கே நிக்கணும்னு எனக்கே தெரியாது. ஆனா நாலாவது குரல் எப்ப இறங்கணும்னு நான்தான் சொல்லுவேன். என் பிள்ளைங்க பறக்கிற வரைக்கும் பொந்து என்னோடது. எடுக்கிறதுன்னா வந்து எடு!”

அவன் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. தவிட்டுக்குருவி மட்டும் பறந்து போய் அந்தப் பொந்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் விடிந்தபோது அந்த மரத்தில் ஒரு தாயின் நான்காவது குரலும் தட்டின் மேல் விழவில்லை.

செம்போத்து வாங்கிய கொத்தில் களவாடிய குரலெல்லாம் போய்விட்டது. இன்றும் புதருக்குள் ஒரே அளவில் ‘உப், உப், உப்’ என்றுதான் அவனால் சொல்ல முடிகிறது. குக்குறுவான் இன்றும் தட்டுகிறான், யார் தாளத்தை விட்டுத் தள்ளி நிற்கிறார்கள் என்று தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டே. குண்டுக்கரிச்சான் அன்று முதல்தான் வாலைத் தூக்கிக்கொண்டு பாடுகிறாள், கடைசிக் குரலுக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கிறாள். அது எவ்வளவு நேரம் என்று அவள் குஞ்சுகளைத் தவிர இன்றுவரை யாருக்கும் தெரியாது.