மலாயாவுக்கு ஒரு மூட்டை

கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் இருளப்பன் மூட்டையை எட்டுத் தடவை கட்டி, எட்டுத் தடவை அவிழ்த்தாகிவிட்டது.

மேல்மலையில், பூண்டு வயல்களைத் தாண்டி, வருஷத்தில் ஒன்பது மாதம் ஆட்கள் கம்பளிக்குள் இருந்தபடியே பேசிக்கொள்கிற குளிரில் அரசியம்மாளின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாலு ஓட்டு அறை, ஒரு ஓடை, மருந்தெண்ணெய் காய்ச்சுகிற ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அரசியம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. அவளுடைய சீடர் இருளப்பனுக்கு ஐம்பத்தெட்டு. தலை நரைத்த பிறகு பிள்ளையார் சுழி போடுகிறான் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினோரு வருஷமாக எண்ணெய் காய்ச்சக் கற்றார், சும்மா உட்காரவும் கற்றார். எண்ணெய் கைவந்துவிட்டது. சும்மா உட்காருவதுதான் இன்னும் வரவில்லை.

அவருக்கு ஒரே மகள், பவளக்கொடி. மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் குமாஸ்தா ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஆறாம் மாதத்தில் அவள் எழுதிய கடிதம் மலையேறி வந்து சேர ஒரு மாதமாயிற்று. தலைப்பிரசவம். அப்பா வர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

படித்த நிமிஷமே இருளப்பன் மூட்டை கட்டத் துணி தேடினார். பவளக்கொடியைப் பெற்ற அன்றைக்குத்தான் அவள் அம்மா ராக்கம்மா செத்துப்போனாள். அதுவும் தலைப்பிரசவம்தான்.

அன்றிலிருந்து கடிதத்தின் முன்பக்கத்தை எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். கொட்டகையில் அடுப்புப் பார்க்கிற வீராயிக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. இங்கே வெயிலும் மழையும் ஒன்றாகவே இருக்கிறது, துவைத்த சேலை காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடுகிறது, அட்டை இருக்கிறது, கொசு இருக்கிறது, தோட்டத்து ஆஸ்பத்திரி ஆறு மைல். ஆறு மைல் என்ற இடம் வந்ததும் இருளப்பன் நிறுத்திவிடுவார். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னும் எதையாவது தேடி எடுத்து மூட்டையில் வைக்கப் போய்விடுவார்.

"மடியில கனமிருந்தா வழியில பயம்பாங்க" என்றாள் வீராயி. "உனக்கு வழியே இன்னும் ஆரம்பிக்கலையே தம்பி."

ஒன்பதாவது தடவை கட்டியபோது அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. நேராக அரசியம்மாளிடம் போய் நின்றார்.

"தாயி, அந்த மாதிரிச் சீமைக்கு என்னென்ன கொண்டு போகணும்?"

"என்னென்ன கட்டியிருக்கீங்க, அண்ணே?"

அவர் சொல்லச் சொல்ல அரசியம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டு கம்பளி, ஒன்று அவருக்கு, ஒன்று பிள்ளைக்கு. முப்பத்திரண்டு வகைச் சூரணம், ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பையில். பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற மருந்துச் சாமான். கருப்பட்டி ஒரு ஓலைக்கொட்டான் நிறைய. ஊர்ப் பூண்டு ஒரு சரம். வசம்பு ஒரு கட்டை, அவரே காய்ச்சிய எண்ணெய் ஒரு பாட்டில். புதுத் தோல்செருப்பு. தீப்பெட்டி இரண்டு டஜன், ஏனென்றால் அந்த ஊரில் கிடைக்காமல் போய்விட்டால் வெந்நீர் எப்படிக் காய்ச்சுவது. பழந்துணி ஒரு கட்டு. அப்புறம் ஒரு பித்தளை அண்டா.

"அண்டா எதுக்கு?"

"இருக்கட்டும்னுதான் தாயி."

அரசியம்மாள் எழுந்துகொண்டாள். "கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போங்க."

மடத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தூரதேசம் கிளம்புகிறவர், போகிற ஊரின் காற்றைப் போலக் காற்று இருக்கிற இடத்தில் மூன்று நாள் மூட்டையோடு குடியிருக்க வேண்டும். மூட்டையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். ஓடைக்குப் போனாலும், கொல்லைக்குப் போனாலும் மூட்டையைத் தானே சுமந்து போக வேண்டும். வடக்கே பனிக்குக் கிளம்பிய ஒருவர் மார்கழியில் ஓடைக்கரைப் பாறையில் கிடந்தார். மூன்றாம் நாள் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மலாயாவுக்கு ஏற்ற இடம் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான். கொட்டகையில் ஐந்து அண்டாக்கள் ஓயாமல் கொதிக்கும். புகை போக மேலே ஒரு திறப்பு, நுழைய ஒரு தாழ்ந்த வாசல், வேறு ஜன்னல் கிடையாது. ஆவி சுவரில் படிந்து வழிந்துகொண்டே இருக்கும். வெளியே பற்கள் கிடுகிடுக்கிற குளிரில்கூட உள்ளே வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடிதான் நிற்பாள்.

முதல் நாள் இருளப்பனுக்கு மூட்டையை ஓடைக்குச் சுமந்து போவதே பெரும் பாடாக இருந்தது. அண்டா முதுகில் இடித்தது. ஓடைக்கரையில் வைத்துவிட்டுக் குளிக்கலாமென்றால் நனைந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே குளித்தார். பாதி முதுகு நனையவே இல்லை.

இரண்டாம் நாள் காலையில் சுக்குப்பொடியைத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது. அந்த மலையில் எல்லார் வீட்டிலும் அடுப்புக்கு மேலே பரணில், துணிப்பையில்தான் பொடி தொங்கும். இரண்டு வருஷம் ஆனாலும் பொலபொலவென்று இருக்கும். துணிப்பையில் வைத்த பொடி கெட்டுப்போகும் என்பதை அந்த மலையில் பிறந்த யாரும் கனவில்கூடக் கண்டதில்லை. இருளப்பன் பைகளை ஒவ்வொன்றாக அடுப்பருகில் காட்டி உலர்த்தினார். ஒரு பையை உலர்த்தி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் முந்தியது மறுபடி நமத்துப்போனது. அன்று அவர் சாப்பிடவே மறந்துவிட்டார். முப்பத்திரண்டு பைகளும் அவரும் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்க வீராயிக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் உக்காரேன்" என்றாள்.

"எனக்கு நேரமில்லை அக்கா" என்றார் இருளப்பன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அரசியம்மாள் கொட்டகைக்குள் குனிந்து வந்தாள். ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவிழ்த்து வைங்க, அண்ணே."

கம்பளியை எடுத்தார். நனைந்த ஆட்டு வாடை கொட்டகை முழுக்க வீசியது. அரசியம்மாள் வெளிவாசலைக் காட்டினாள். கம்பளி வெளியே போயிற்று. கருப்பட்டி இளகிக் கொட்டானின் ஓலை வழியாக ஒழுகி, பழந்துணிக் கட்டில் ஊறி, அதில் எறும்பு மொய்த்திருந்தது. செருப்பின் மேல் பச்சையாகப் பூசணம் படரத் தொடங்கியிருந்தது. தீக்குச்சியை உரசினார். மருந்து உதிர்ந்து வெறும் குச்சிதான் கையில் நின்றது. இன்னொன்றை உரசினார். பத்துக் குச்சி உரசிய பிறகு அரசியம்மாள் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

சூரணப் பைகள் எல்லாம் கல்லாகியிருந்தன. பூண்டுச் சரத்தில் பாதி கறுத்துப்போயிருந்தது. வசம்புக் கட்டை மட்டும் வைத்தபடியே இருந்தது. அவர் கையால் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி, வாயை மெழுகால் அடைத்த எண்ணெயும் அப்படியே இருந்தது. அரசியம்மாள் அவை இரண்டையும் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் வாசலுக்கு வெளியே குவிந்தது.

மூட்டையின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. எண்ணெய்த்துணியில் இரண்டு சுற்று, அதன்மேல் வாழைநாரால் இறுக்கிய கட்டு. அரசியம்மாள் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பவளம் எழுதின காயிதம்."

அவிழ்த்தாள். காகிதம் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி மொடமொடவென்று இருந்தது. ஓர் எழுத்துக்கூடக் கலையவில்லை.

"அப்ப எப்படிக் கட்டணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு" என்றாள் அரசியம்மாள். "படிங்க."

இருளப்பன் படித்தார். வெயிலும் மழையும், பூசணமும், அட்டையும், கொசுவும், ஆறு மைலும். படித்துவிட்டு மடித்தார்.

"பின்பக்கம்?"

அவர் மடித்த கடிதத்தை இடுப்பில் செருகப் போனார். வீராயி அகப்பையைப் போட்டுவிட்டு விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டாள். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

இருளப்பன் காகிதத்தைத் திருப்பினார். தாழ்ந்த குரலில் படித்தார்.

"அப்பா, அம்மா தூக்கத்திலேயே போயிட்டான்னுதான் நீங்க எப்பவும் சொல்லுவீங்க. போன வாரம் பக்கத்து வீட்டுல ஒருத்தி பிள்ளைப்பேத்துல கத்தினதைக் கேட்டேன். அப்படிக் கத்துறவ தூங்க முடியாதுப்பா. அன்னைக்கு அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். சாவைக்கூட நினைச்சுப் பாத்துட்டேன். தெரியாம இருக்கிறதுதான் பயமா இருக்கு. எனக்கு வலி வர்றதுக்கு முன்னாடி வந்து சொல்லுங்க."

இருளப்பனே சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது, அன்றைக்கு அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

விடியும்போது ராக்கம்மாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி உள்ளே இருந்தாள். ராக்கம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், கட்டிய நாளிலிருந்து அதுவரை ஒருநாளும் அவர் பெயரைச் சொல்லாதவள். வெளியில் நின்ற அவரால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. சுக்கு போதாது, துணி போதாது, வெந்நீருக்கு அண்டா சின்னது என்று சொல்லிக்கொண்டு கீழூருக்கு இறங்கிவிட்டார்.

"யாரும் கேக்கலை தாயி. மருத்துவச்சி எல்லாம் இருக்குன்னுதான் சொன்னா. நானாத்தான் போனேன்."

கீழூரில் கடை கடையாக ஏறி இறங்கினார். வாங்க வாங்க நெஞ்சு கொஞ்சம் லேசானது. பொழுது சாயும்போது கூடை நிறையச் சாமானும் தலையில் அண்டாவுமாக மலையேறி வந்தார். வாசலில் ஆட்கள் நின்றார்கள். உச்சிப்பொழுது வரைக்கும் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று மருத்துவச்சி சொன்னாள்.

"இதை அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்றார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. அந்தக் கொட்டகையில் எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருக்கும்.

அரசியம்மாள் எழுந்து போனாள். திரும்பி வரும்போது இரண்டு நூல்வேட்டியும் ஒரு மெல்லிய துண்டும் குடையும் கொண்டு வந்தாள். வேட்டியை விரித்து எண்ணெய் பாட்டிலை நடுவில் வைத்துச் சுருட்டினாள். வசம்பைத் துண்டின் முனையில் முடிந்தாள். கடிதத்தைப் பின்பக்கம் மேலே வருகிற மாதிரி மடித்து, எண்ணெய்த்துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாழைநாரால் கட்டி, எல்லாவற்றுக்கும் மேல் வைத்தாள். பிறகு முடிச்சுப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

இருளப்பன் வாங்கினார். ஒரு விரலில் மாட்டித் தொங்கவிடலாம் போல இருந்தது. அதன் லேசு அவரைப் பயமுறுத்தியது. மூன்று நாள் சுமந்த பாரத்தைவிட அது அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. வாசலுக்கு வெளியே குவிந்து கிடந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வெயில் பட்டு அண்டா மினுங்கியது.

"அதையாவது எடுத்துக்கிறேனே தாயி" என்றார்.

அரசியம்மாள் வாசலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஆறு மைல் ஆஸ்பத்திரி. ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? இப்படி வெறுங்கையோட போயி அவ முன்னாடி நான் எப்படி நிக்கிறது?"

அரசியம்மாள் அவருடைய தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தாள். ஒரு மகள் அப்பாவுக்குச் செய்கிற மாதிரி நிதானமாகச் செய்தாள்.

"அன்னைக்குக் கை நிறையத்தானே கொண்டுவந்தீங்க, அண்ணே."