வைகறை நகர் மனுவும் மூன்று அனுமதிகளும்

வைகறை நகரில் அறிவாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். இதை அவர்களே சொன்னார்கள். மறுத்தவர் யாரும் இல்லை. மாசிலாமணி நலச் சங்கத்தின் தலைவர், தில்லைநாயகம் செயலாளர், பக்கிரிசாமி பொருளாளர். சங்கத்தில் நான்காவது உறுப்பினர் சகாயமேரி. அவர் அறிவாளி இல்லை. இடியாப்பம் விற்பவர்.

காலை ஆறரை பஸ் வைகறை நகரில் நிற்பதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ரைஸ்மில்லில்தான் நிற்கும். இடியாப்பத் தூக்கோடு அங்கே நடந்து, டவுன் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் இடியாப்பம் ஆறிப்போகிறது. ஆறின இடியாப்பத்தை நோயாளிகூட வாங்குவதில்லை என்று சகாயமேரி சங்கத்தில் முறையிட்டார்.

பஸ் நிறுத்தம் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுத முடிவானது. மனுவை மெயிலில் அனுப்ப வேண்டும். முப்பதாம் தேதி கடைசி நாள். அதற்குப் பிறகு வருவதை அடுத்த வருஷம்தான் பார்ப்பார்கள்.

டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நூர்ஜகான் மனுவை டைப் அடித்து, மாசிலாமணியின் பெயரிலேயே கிளவுடில் ஏற்றிக் கொடுத்தார். மூன்று பேரின் போனிலும் அதைத் திறந்து காட்டினார்.

"தலைவரே, திருத்துறது நீங்க மட்டும். செயலாளர் கருத்து போடலாம். பொருளாளர் பார்த்தா போதும். எல்லாம் சரியானதும் லிங்கை கலெக்டர் ஆபீசுக்கு மெயில் பண்ணிடுங்க. வேலை முடிஞ்சா யாருக்கும் அனுமதியை விட்டு வைக்காதீங்க. எவராவது கை வச்சுடுவாங்க."

மூவரும் தலையாட்டினார்கள். சொன்னதை அப்படியே செய்வதில் அவர்களுக்கு இணை கிடையாது.

பக்கிரிசாமி அன்று முதல் மனுவைப் பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் பார்த்தார். குளிக்கப் போகும்போது போனை மனைவியிடம் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் கண்ணை எடுக்காதே" என்றார். மணிக்கு ஒருமுறை தலைவருக்குப் போன் செய்தார்.

"இன்னும் அங்கேயேதான் இருக்கு தலைவரே."

"விடாதீங்க. பாருங்க."

மாசிலாமணிக்குத் திருத்தும் பொறுப்பு. மனுவில் பிழை எதுவும் இல்லை. அதற்காகப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியுமா? காலையில் எழுந்ததும் ஒரு பிழையைப் போட்டு வைப்பார். சாயங்காலம் காபி குடித்துவிட்டு அதைத் திருத்துவார். ஒருநாள் காலையில் போட்ட பிழை எங்கே என்று மறந்துவிட்டது. அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

தில்லைநாயகம் கருத்துப் போட்டார். 'முதல் வரி நன்று.' 'இரண்டாம் வரி முதல் வரிக்கு அடுத்து வருவது சிறப்பு.' 'எங்கள் நகரில் பேருந்து நிற்பதில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில், 'உண்மை. மிகவும் வேதனை' என்று எழுதினார்.

அந்தக் கருத்தின் ஓரத்தில் ஒரு டிக் இருந்தது. மாசிலாமணி அதைத் தொட்டார். 'தீர்க்கப்பட்டது' என்று வந்தது.

அரை மணி நேரத்தில் சங்கம் கூடியது.

"மேரிக்கா, உன் பிரச்சினை தீர்ந்துடுச்சு" என்றார் மாசிலாமணி.

"யாரு தீர்த்தாங்க?"

"நான்தான். ஒரே விரல்ல."

மறுநாள் காலை நால்வரும் ரோட்டில் நின்றார்கள். சகாயமேரி கையில் தூக்கு. தில்லைநாயகம் கையில் டிரைவருக்கு ஒரு மாலை. பஸ் வந்தது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மாலையில் பாதி பூவும் கூடவே போனது.

"தீர்ந்துடுச்சுன்னு போட்டிருந்ததே" என்றார் மாசிலாமணி.

பக்கிரிசாமி யோசித்தார். "நாம பார்த்தோம். டிரைவர் பார்த்தாரா? அவருக்குப் பார்க்கிற அனுமதியே நாம கொடுக்கலையே."

"அப்ப கொடுத்துடுவோம்."

"பஸ் ஓட்டும்போது போனைப் பார்க்கக்கூடாது தலைவரே. சட்டம்."

"பஸ்ஸை நிறுத்திட்டுப் பார்க்கட்டும்."

"நிறுத்திட்டார்னா அப்புறம் மனு எதுக்கு?"

சகாயமேரி தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு ரைஸ்மில்லை நோக்கி நடந்தார். "பேசி முடிச்சிட்டு சொல்லி அனுப்புங்க சாமிகளா. இது ஆறுது."

இருபத்தொன்பதாம் தேதி காலை மாசிலாமணி லிங்கை கலெக்டர் ஆபீசுக்கு மெயில் செய்தார். நூர்ஜகான் சொன்னது நினைவிருந்தது. வேலை முடிந்ததல்லவா? தில்லைநாயகத்தின் அனுமதியை எடுத்தார். பக்கிரிசாமியின் அனுமதியை எடுத்தார். கலெக்டர் ஆபீஸ் உட்பட யாருக்கும் விட்டு வைக்கவில்லை.

பக்கிரிசாமி பதறிப்போய்ப் போன் செய்தார். "தலைவரே, திறந்தா 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வருது."

"வேலை முடிஞ்சுது பக்கிரி."

"நான் என்ன செய்ய?"

"சும்மா இருங்க."

பக்கிரிசாமியால் சும்மா இருக்க முடியவில்லை. அனுமதி இல்லை என்று வந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மாசிலாமணிக்கு ஒரு மெயில் வந்தது. படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, சங்கத்தைக் கூட்டி, நின்றபடியே வாசித்தார்.

"கலெக்டர் அலுவலகம் உங்கள் கோப்பைப் பார்க்க அனுமதி வேண்டுகிறது."

"வேண்டுகிறதா?" என்றார் தில்லைநாயகம்.

"வேண்டுகிறதுன்னுதான் போட்டிருக்கு."

கலெக்டர் ஆபீஸ் வைகறை நகரிடம் ஒன்றை வேண்டுவது இதுதான் முதல் தடவை.

"கொடுத்துடுங்களேன்" என்றார் சகாயமேரி. "நாளைக்குத்தானே கடைசி."

"அதெப்படிக்கா, கேட்டவுடனே கொடுக்கிறது?" என்றார் மாசிலாமணி. "நாம ஒண்ணு கேட்டா அவங்க உடனே கொடுத்துடறாங்களா? நேர்ல போறோம். வரிசையில நிக்கிறோம். எழுதிக் கொடுக்கிறோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரிதான்" என்றார் தில்லைநாயகம். "கலெக்டர் நேர்ல வந்து மனு கொடுக்கட்டும். வரிசையில அவர் ஒருத்தர்தான். சீக்கிரம் முடிஞ்சுடும்."

தீர்மானம் நிறைவேறப் போகும் நேரத்தில் சகாயமேரி கேட்டார்.

"அவர் எதுல வருவாரு? இங்கேதான் பஸ் நிக்காதே."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம்" என்றார் பக்கிரிசாமி. "ரைஸ்மில்லுல இறங்கி நடந்தாகணும்."

"வெயில் வேற."

"நடக்கட்டும்" என்றார் சகாயமேரி. "நான் நடக்கல?"

"நீ பழகினவ மேரிக்கா. அவர் அப்படியா?"

சகாயமேரிக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றே புது மனு தயாரானது. 'கலெக்டர் அவர்கள் எங்களிடம் மனு கொடுக்க வரவேண்டியிருப்பதால், ஆறரை மணி பேருந்து வைகறை நகரில் நின்று செல்ல ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' வருகிறவருக்குப் பத்து இடியாப்பம் எடுத்துவைப்பதாக சகாயமேரி ஒப்புக்கொண்டார்.

முப்பதாம் தேதி காலை மாசிலாமணி லிங்கை அனுப்பினார். உடனே எல்லாருடைய அனுமதியையும் எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இந்தக் கோப்பையும் பார்க்க கலெக்டர் அலுவலகம் அனுமதி வேண்டுகிறதாம்.

"ரொம்ப அவசரப்படறாரு" என்றார் மாசிலாமணி. "முதல்ல பஸ் நிக்கட்டும். அப்புறம் வரச் சொல்லுவோம்."