காவலை நாயிடம் விட்ட மந்தி

மலையடிவாரக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் சிங்காரி என்ற இளம் மந்தி வாழ்ந்து வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் காட்டில் மரம் வெட்டியவர்கள் முகாமைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஏழு பழைய சைக்கிள்களைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டார்கள். ஏழு குரங்குக் கூட்டங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. சீட்டில் உட்கார்ந்தால் எந்தக் குரங்குக்கும் கால் எட்டவில்லை. அதனால் எல்லாமே குரங்குப் பெடல்தான் போட்டன. பங்குனி மாதம் பிறந்தால் ஏரியை மூன்று முறை சுற்றிவரும் பந்தயம் நடக்கும். சிங்காரியின் கூட்டம் முதல் இரண்டு ஆண்டும் கடைசியாக வந்தது. இந்த ஆண்டு சிங்காரி ஓட்டப்போகிறது என்றதும் கூட்டத்துக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மரம் வெட்டியவர்கள் ஒரு நாயையும் விட்டுப் போயிருந்தார்கள். அது லாரியின் பின்னால் வெகுதூரம் ஓடியது. பாதம் கிழிந்து திரும்பி வந்தது. சிங்காரிதான் அதற்குப் பழம் கொடுத்தது. நாய் பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னாமல் மந்தியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அன்று முதல் இரண்டும் பிரியவில்லை. உடம்பெல்லாம் முடி அடர்ந்திருந்ததால் நாய்க்குச் சடையன் என்று பெயர் வந்தது.

கிழிந்த பாதத்துக்கு என்ன மருந்து வைப்பது என்று அன்று சிங்காரிக்குத் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் அது இருவாச்சிப் பறவையிடம் பச்சிலைப் பாடம் படிக்கச் சேர்ந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்பது இலைகளை வாசனையால் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை.

இதெல்லாம் போக, சிங்காரிக்கு ஒரு வேலையும் இருந்தது. புல்வெளியில் மான்கள் மேயும்போது நாவல் மரத்து உச்சியில் அமர்ந்து காவல் பார்க்க வேண்டும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் கத்த வேண்டும்.

காலையில் சைக்கிள், வெயில் ஏறும்வரை காவல், பிற்பகல் பாடம், சாயங்காலம் சடையனோடு ஏரிக்கரையில் சுற்றுவது. இப்படித்தான் நாட்கள் சரியாகப் போய்க்கொண்டிருந்தன.

மாசி மாதம் வந்ததும் சரியாகப் போகவில்லை. பந்தயத்துக்கு மறுநாள் பரீட்சை என்று இருவாச்சி சொல்லிவிட்டது. சிங்காரி கணக்குப் போட்டுப் பார்த்தது. காவல் மரத்தில் உட்கார்ந்துகொண்டே இலைகளின் பெயரை முணுமுணுத்தது. பாடம் நடக்கும்போது மனத்துக்குள் ஏரியின் வளைவுகளில் சைக்கிளைத் திருப்பியது. சாயங்காலம் சுற்றுவதற்குப் பதிலாக, காலையில் சைக்கிளின் பின்னால் சடையனை ஓடிவரச் சொன்னது.

"இதுவும் நாம் சேர்ந்திருக்கும் நேரம்தானே?" என்று கேட்டது.

"ஆமாம்" என்றது சடையன். அதற்கு மூச்சு வாங்கியது.

'ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறேன்' என்று சிங்காரிக்குள் பெருமைதான் இருந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு சிக்கல் வந்தது. பந்தயம் நடக்கும் அதே நேரத்தில் மான்கள் மேயும். மரத்தில் யார் இருப்பது? சிங்காரி கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றது. அந்த வழியாக ஒரு நரி வந்தது.

"முகம் ஏன் இப்படி இருக்கிறது?" என்று நரி விசாரித்தது.

சிங்காரி விஷயத்தைச் சொன்னது.

"இதற்கா கவலை? உன் நாய் எதற்கு இருக்கிறது? உனக்கு இருப்பது கண் மட்டும். அதற்கு மூக்கும் காதும் இருக்கின்றன. மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுப் போ. ஏதாவது வந்தால் குரைக்காதா என்ன?"

"மான்களிடம் சொல்ல வேண்டாமா?"

"சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கும். ஒரு நாள் விஷயம்தானே."

சிங்காரிக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. நரி அங்கிருந்து நேராகச் சிறுத்தையின் குகைக்குப் போனது.

"நாளைக் காலை நாவல் மரத்தின் மேல் யாரும் இருக்கமாட்டார்கள். கீழே ஒரு நாய் மட்டும் தனியாக இருக்கும்" என்றது. "மிச்சம் வைத்தால் எனக்குப் போதும்."

"நாய்க்கறி தின்று நாளாகிறது" என்றது சிறுத்தை.

மறுநாள் காலை சிங்காரி சடையனை மரத்தடிக்கு அழைத்துப் போனது.

"இங்கேயே இரு. ஏதாவது வாடை வந்தால் குரை. நகராதே."

"நீ எப்போது வருவாய்?"

"பந்தயம் முடிந்ததும்."

"அப்புறம் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாயே?"

"அதற்கப்புறம் வருகிறேன்."

"சரி" என்று சடையன் உட்கார்ந்தது. சிங்காரி திரும்பிப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது.

பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றில் சிங்காரி மூன்றாவதாக வந்தது. இரண்டாவது சுற்றில் முன்னால் போன இரண்டையும் முந்திவிட்டது. மூன்றாவது சுற்றில் பாதி கடந்தபோது பின்னால் சங்கிலிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு முன்னால் இருந்தது. கூட்டம் மரங்களில் தொங்கிக்கொண்டு கூச்சல் போட்டது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே, புல்வெளிப் பக்கமிருந்து குரைப்பு கேட்டது. சடையன் இப்படிக் குரைத்து சிங்காரி கேட்டதில்லை. விடாமல் குரைத்தது. மான்கள் சிதறி ஓடும் குளம்போசை வந்தது. பிறகு ஓர் ஊளை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சிங்காரியின் கால்கள் இன்னும் நாலைந்து முறை பெடலை மிதித்தன. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. சிங்காரி கைப்பிடியைச் சட்டென்று திருப்பிச் சரிவில் சைக்கிளை இறக்கியது.

"எங்கே போகிறாய்?" என்று கூட்டம் கத்தியது.

புல்வெளியில் மான்கள் இல்லை. மரத்தடியில் இரத்தம் இருந்தது. கொஞ்சம் தள்ளி, அடர்ந்த முட்புதருக்கு வெளியே சிறுத்தை படுத்திருந்தது. புதருக்குள் சடையனின் முனகல் கேட்டது. உள்ளே போனால் முள் குத்தும் என்பதால் சிறுத்தை வெளியே காத்திருந்தது. அதற்கு அவசரமில்லை.

சைக்கிளை எறிந்துவிட்டுச் சிங்காரி நாவல் மரத்தில் ஏறியது. உச்சிக்குப் போய், அடிவயிற்றிலிருந்து அபாயக் குரல் கொடுத்தது. மறுபடியும் மறுபடியும் கொடுத்தது. ஏரிக்கரையில் இருந்த ஏழு கூட்டங்களும் பந்தயத்தை மறந்து மரம் மரமாகத் தாவி வந்தன. நூறு குரங்குகள் தலைக்கு மேல் நின்று கத்தின. காடு முழுக்கத் தெரிந்துவிட்ட இடத்தில் சிறுத்தைக்கு வேலை இல்லை. அது எழுந்து, சோம்பல் முறித்துவிட்டுப் பாறைப் பக்கம் போய்விட்டது.

சடையனின் பின்னங்காலில் சதை கிழிந்து தொங்கியது. சிங்காரி பச்சிலை தேடி ஓடியது. ஒரே மாதிரி இருந்த இரண்டு இலைகளைப் பறித்து வந்தது. இரத்தத்தை நிறுத்துவது எது, எரிச்சலைக் கூட்டுவது எது என்று நினைவுக்கு வரவில்லை. காவல் மரத்தில் முணுமுணுத்த பாடம் அது. இரண்டு இலைகளையும் கையில் வைத்துக்கொண்டு அழுதது. கூடப் படித்த மலையணில்தான் இறங்கி வந்து, "இடது கையில் இருப்பது" என்றது.

மருந்து வைக்கும்போது சடையன் கண்ணைத் திறந்தது.

"பந்தயம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டது.

சிங்காரி அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சிங்காரி நரியை வழியில் பார்த்தது. "உன் யோசனையால் வந்த வினை!" என்று பாய்ந்தது.

நரி நகரவில்லை. "யோசனைதான் நான் சொன்னேன். நாயை அங்கே உட்கார வைத்தது யார்?" என்று கேட்டுவிட்டுத் தன் வழியே போனது.

சிங்காரி மான்கூட்டத் தலைவனான கலைமானிடம் போய் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னது. கலைமான் பொறுமையாகக் கேட்டது.

"காற்று மாறி வீசியதால் நாய்க்கு வாடை எட்டவில்லை. அது குரைத்தபோது சிறுத்தை பத்தடி தூரத்தில் இருந்தது. மரத்தின் மேலிருந்து பார்த்திருந்தால் பாறையைத் தாண்டும்போதே தெரிந்திருக்கும்" என்றது. "ஒரு நாள் வர முடியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் வேறு பக்கம் மேய்ந்திருப்போம். ஏன் சொல்லவில்லை?"

"எல்லாவற்றையும் என்னால் செய்ய முடியும் என்று நினைத்தேன்."

"முடியாதபோது முடியாது என்று சொல்பவரை நம்பிக் குட்டிகளை விட்டுப் போகலாம்" என்றது கலைமான். ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

சிங்காரி சைக்கிளைத் தன் சித்தி மகளிடம் கொடுத்தது. கூட்டம் முணுமுணுத்தது. "அடுத்த பங்குனிக்கு நான் ஓட்டப்போவதில்லை. படிப்பு முடியட்டும்" என்று சொல்லிவிட்டது. தவறிப்போன பரீட்சைக்கு அடுத்த ஆண்டு உட்கார இருவாச்சியிடம் அனுமதி வாங்கியது. காவலில் காவல் மட்டும் பார்த்தது. சாயங்காலம் நொண்டி நடக்கும் சடையனோடு, அதன் வேகத்துக்கு, பாதி ஏரி வரை போய்த் திரும்பியது. முதலில் சடையன் அடிக்கடி நின்று மந்தியின் முகத்தைப் பார்க்கும். "கிளம்ப வேண்டுமா?" என்று கேட்கும். "இல்லை" என்று சிங்காரி சொல்லும். அப்படிக் கேட்பது நிற்க ஆறு மாதம் ஆனது.

மறு ஆண்டு பரீட்சையில் நாற்பது இலைகளில் முப்பத்தெட்டை அது சரியாகச் சொன்னது. அதற்கடுத்த பங்குனியில் மறுபடி பந்தயத்தில் ஓட்டி நான்காவதாக வந்தது.

பல பொறுப்புகளை ஏற்றவர் நேரம் போதாதபோது எதையாவது வாய்விட்டுச் சொல்லி இறக்கி வைக்க வேண்டுமே தவிர, குறை சொல்லத் தெரியாத அன்பின் மேல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.