பரிவட்டம் யாருக்கு?

முன்னொரு காலத்தில் கொடிமங்கலத்தை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு.

அந்த நாட்டு மலையில் கொம்பையன் என்பவன் ராஜாவுக்கு எதிராகப் படை திரட்டினான். ஆள் எப்படிச் சேர்த்தான் தெரியுமா? உடுக்கையை அடித்துக்கொண்டு, "அம்மன் அன்று கொன்ற அசுரன்தான் மாறவேளாகப் பிறந்திருக்கிறான். அவனோடு சண்டைபோட்டுச் செத்தால் நேரே அம்மன் சன்னதி, அங்கே முதல் மரியாதை" என்றான். அவ்வளவுதான், இளவட்டங்கள் சாரைசாரையாக மலையேறிவிட்டார்கள்.

சபையில் தளவாய் செருவிடையார் மீசையை முறுக்கினார். "உத்தரவு கொடுங்கள், மலையையே கொளுத்திவிடுகிறேன்."

"ஆகட்டும்" என்றுவிட்டான் ராஜா.

அரண்மனைக்குப் பூமாலை கொண்டுவந்த பேச்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் புருஷன் வேலப்பனும் மலையில்தான் இருந்தான்.

"மகாராஜா, நாளைக்கு மலையில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. ஒரு பட்டுப் பரிவட்டம் மட்டும் கொடுங்கள். எல்லாரையும் கீழே இறக்கிக் காட்டுகிறேன்."

"பூக்கட்டுகிறவள் படை நடத்தப் போகிறாளாம்" என்றார் தளவாய்.

"கட்டுவது என் தொழில் ஐயா. கொளுத்துவதுதான் உங்களுக்கு வரும்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "நாளைச் சாயங்காலம் வரை தவணை" என்று பட்டைக் கொடுத்தான்.

மறுநாள் கொடையில், முதல் மரியாதைக்காரனுக்குக் கட்டும் அந்தப் பட்டைப் பார்த்ததும் கொம்பையன் தலையை நீட்டினான்.

"இது யாருக்கு அண்ணாச்சி?" என்றாள் பேச்சி.

"தலைவன் நான் நிற்கும்போது வேறெவன் வாங்குவான்? எனக்கு முந்தி எவனும் வாங்கக் கூடாது."

"ரொம்பச் சரி" என்று அதை அவன் தலையில் கட்டினாள் பேச்சி. "அப்போ அம்மன் சன்னதியிலும் முதல் மரியாதை உங்களுக்குத்தானே? சண்டை என்று வந்தால் நீங்கள்தான் முதலில் சாக வேண்டும். இந்தப் பயல்கள் முந்திக்கொண்டால் உங்களுக்கு எவ்வளவு மரியாதைக் குறைவு."

கொம்பையன் இரண்டடி பின்வாங்கினான். "இல்லை... நான் பின்னால் நின்று இவர்களை அனுப்பிவைக்க வேண்டுமென்று அம்மன் உத்தரவு."

முதலில் சிரித்தது வேலப்பன். "இங்கே உமக்கு, அங்கே மட்டும் எங்களுக்கா?" என்று கையிலிருந்த ஈட்டியைக் கீழே போட்டான். மலையே சிரித்தது. கொம்பையன் பரிவட்டத்தோடு மறுபக்கச் சரிவில் ஓட்டமெடுத்தான்.

எல்லாரும் கீழே இறங்கி வந்ததும், சபையில் ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் பேச்சிக்குப் போட்டான். பிறகு வேலப்பனைக் கேட்டான். "என்னை அசுரன் என்று எப்படியப்பா நம்பினாய்?"

"மகாராஜா, மலைச்சுனைக்கு வேலி போட்டு, உங்கள் யானைகளுக்கு மட்டும் என்றீர்கள். தண்ணீருக்கு நாங்கள் இரண்டு காதம் நடந்தோம். அப்போது ஒருத்தன் வந்து அப்படிச் சொன்னால் நம்பத்தானே தோன்றும்?"



"சரிதான்" என்றான் ராஜா. "கொம்பையன் சொன்ன கதையில் பாதி நான் கொடுத்தது."

அன்றைக்கே வேலி போயிற்று. தளவாய்தான் தம் கையால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார், மலைச்சனம் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது.