ஜெபக்கனிக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம்

“மிஸ், ‘ஐ ஒர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’னு சொன்னா பெரிய தப்பா?” என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

காலை வகுப்பு முடிந்து மற்ற நர்சுகள் படியிறங்கிப் போயிருந்தார்கள். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் சபூரா மிஸ் போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாளைவிட வயதில் சின்னவள்.

“யாரு சொன்னா?”

“யாரோ. சும்மா கேக்கேன்.”

“சொன்னவங்க இப்பவும் அங்கதான் வேலை பாக்காங்களா?”

“ஆமா.”

“அப்ப தப்புக்கா. வேலையை விட்டுட்டு வீட்டில இருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க. ‘ஹேவ் ஒர்க்ட்’னு வரணும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். வினைச்சொல்லில் இசக்கியம்மாளை மடக்க அந்த வகுப்பில் ஆளில்லை. அப்படியும் போன மாதம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் இன்டர்வியூவில் அவளை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

அதே ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்று மத்தியானம் வீடியோவில், கூட வேலை பார்க்கும் ஜெபக்கனியிடம் பேசப்போகிறார்கள்.

ஜெபக்கனிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்ததே இசக்கியம்மாள்தான். இப்போது வார்டில் எல்லாரும் “ஜெபா சிஸ்டர் வரலையா?” என்கிறார்கள். இசக்கியம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்கிறார்கள். அவளுக்கு வயிறு எரியும். சிரித்துக்கொண்டே மாத்திரையை நீட்டுவாள்.

“ஜெபாவுக்கு இஸ்ஸும் வாஸும் ஒண்ணுதான் மிஸ். ஆனா எல்லாரும் அவளைத்தான் தேடுதாங்க. ஏன்?”

சபூரா டஸ்டரைக் கீழே வைத்தாள்.

“ஜெபக்கனி உங்களுக்கு யாருக்கா?”

“ஃபிரண்டு.”

“முழு வாக்கியமா, இங்கிலீஷ்ல.” சாக்பீஸை நீட்டினாள்.

இசக்கியம்மாள் போர்டில் ‘ஷி’ என்று எழுதினாள்.

அடுத்து ‘இஸ்’ என்று எழுதக் கை போனது. நின்றது.

நேற்று சாயங்காலம் கேண்டீனில், “எக்கா, இங்க பத்து வருஷமா வேலை பாக்கேன்னு எப்படிச் சொல்லணும்?” என்று ஜெபக்கனி கேட்டிருந்தாள். இசக்கியம்மாள் சொன்ன ‘ஐ ஒர்க்ட்’டை, கண்ணை மூடிக்கொண்டு, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

‘இஸ்’ எழுத வரவில்லை. ‘வாஸ்’ என்று போடக் கை கூசியது. ‘ஹேஸ் பீன்’ என்று போட்டால் இன்றைக்கு வரைக்கும் என்று ஆகிவிடும்.

“எது சரி மிஸ்?”

“மூணும் நல்ல இங்கிலீஷ்தான்,” என்றாள் சபூரா. “எது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இசக்கியம்மாள் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“ஜெபா, நேத்து சொன்னது தப்பு. ‘ஹேவ் ஒர்க்ட்’னு சொல்லணும்.”

“அய்யோ! நான்தான் சரியாக் கேக்காம விட்டுட்டேனாக்கா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

“இல்லட்டி. நீ சரியாத்தான் கேட்ட. நான் தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன். உனக்குக் கிடைச்சிரக் கூடாதுன்னு.”

வைத்துவிட்டாளோ என்று இசக்கியம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

“சரி,” என்றாள் ஜெபக்கனி. குரல் மாறியிருந்தது. “முதல்ல இருந்து மெதுவாச் சொல்லுங்க. நானும் கூடவே சொல்லுதேன்.”